செங்கல் தேர்வு

மந்திரக் கல்லூரியில் முதல் வருடத்தைத் தாண்ட ஒரு செங்கல்லைத் தூக்க வேண்டும், கையால் தொடாமல். மேசைக்கு ஒரு சாண் மேலே, முப்பது எண்ணும்வரை அது அந்தரத்தில் நிற்க வேண்டும். பெரியவள் அதில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் மாடி வகுப்புக்குப் போய்விட்டார்கள். இந்த வருடம் அவள் தங்கை சின்னவளும் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது வாரமே செங்கல்லைத் தூக்கி, போதாததற்கு அதன்மேல் தன் பேனாவையும் படுக்கவைத்தாள்.

வீட்டில் யாரும் குத்திக்காட்டவில்லை. இந்தத் தடவை வந்துவிடும் என்று அம்மா தையல் மெஷினை மிதித்தபடியே சொன்னாள், அவ்வளவுதான். முதல் தடவை தோற்றபோது பெரியவள் இரண்டு நாள் அழுதாள். அடுத்த தடவை அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் ஏறினாள். மந்திரம் சொன்னால் உள்ளங்கையில் சூடு ஏறும் என்றார்கள். அவளுக்குக் கை மரத்துத்தான் கிடந்தது.

தேர்வு நடத்தியவருக்கு அரைக்கண்ணர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதி தூங்கியபடியே பாடம் எடுப்பார். அவர் தலையசைத்ததும் பெரியவள் மந்திரத்தைச் சொன்னாள். செங்கல் எழும்பியது. வகுப்பே வாய்விட்டு எண்ணத் தொடங்கியது. ஏழு எண்ணும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளங்கையில் ஒரு பொட்டுச் சூடு இல்லை. கடைசி பெஞ்சில் சின்னவள் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முப்பதில் செங்கல் சத்தமில்லாமல் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அரைக்கண்ணர் பேனா மூடியைத் திறந்தார்.

"சார், அது நான் தூக்கல."

அவர் கண் முழுதாகத் திறந்ததை வகுப்பு அன்றுதான் பார்த்தது.

"பின்ன யார் தூக்கினது?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பெரியவள் யோசித்திருக்கவே இல்லை. கடைசி பெஞ்சில் சின்னவள் தானாகவே எழுந்து நின்றாள்.

மூன்று முறை தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பெரியவளின் பெயரை அன்று மதியமே அடித்தார்கள். சின்னவள் காலையில் வாங்கியிருந்த முதல் மதிப்பெண்ணை ரத்துசெய்து, அடுத்த மாதம் மறுபடி செங்கல்லைத் தூக்கச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ் பாதி வழி வந்திருந்தது.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றாள் சின்னவள்.

"தெரியல. பாஸாகியிருந்தாலும் அடுத்த வருஷம் இதவிடப் பெரிசா ஏதாவது தூக்கச் சொல்வாங்க. அப்பவும் நீ பின்னாடி உட்கார்ந்திருக்க முடியாதுல்ல."

"உட்கார்ந்திருப்பேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். தனக்கும் அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று பெரியவளுக்குத் தோன்றியது. வரவில்லை. தங்கையின் மடியிலிருந்து நழுவிய பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் பெரியவளே சொன்னாள். அம்மா மெஷினை நிறுத்தி நூலை அறுத்தாள். பிறகு, இருவரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

மூன்றாவது வாரம் பெரியவள் ஓர் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த பஸ் பேச்சுக்குப் பிறகு சின்னவள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டாள்.

வேலைக்குப் போன நாலாம் நாள் காலை, பெரியவள் முகத்தில் சோப்போடு நிற்கும்போது குளியலறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"அக்கா, எவ்ளோ நேரம்? எனக்கு பஸ் போயிடும்."

இத்தனை நாள் எதுவுமே வராத பெரியவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சோப்பு கண்ணில் எரிந்தது.

"வர்றேன், கதவ உடைக்காத" என்றாள். வேண்டுமென்றே இன்னும் ஒரு குவளை தண்ணீரை நிதானமாக மொண்டு ஊற்றிக்கொண்டாள்.