மணலுக்குப் பதில்

1
இந்தக் கதை எனக்கு ஓர் இருமலிலிருந்து கிடைத்தது. மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டிராம் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க, அதன் முன்னால் மணல் தூவுவார்கள். வண்டிகளில் அந்த மணலை நிரப்பியவர் அவர். அதன் தூசி இப்போது அவர் நுரையீரலில்.

(அவருக்குத் தங்கை உண்டா என்று நான் கேட்கவில்லை. கதைக்கு வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டேன்.)

2
அண்ணனைக் காப்பாற்றுவதற்காகவே அவள் ஆய்வகத்தில் –

இல்லை. அவரைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது என்று அவளுக்கே தெரியும். இப்போது மணல் நிரப்பும் ஆறு பேருக்காகத்தான் மூன்று வருடமாக மாற்றுத் தேடினாள். ஆலைகள் கழித்துப்போடும் கொட்டை ஓடுகளை அரைத்துச் சலித்தாள். ஆற்றைத் தோண்ட வேண்டாம்; நுரையீரலை அறுக்கும் தூசியும் இல்லை. அந்த ஓட்டுத் தூள் காய்ந்த தண்டவாளத்தில் மணலுக்குச் சமமாகப் பிடித்தது.

3
சோதனையன்று தூறல். தண்டவாளத்தில் நசுங்கிய இலைகள் பசையாக ஒட்டியிருந்தன. மணல் தூவிய டிராம் நாற்பது மீட்டரில் நின்றது. ஓட்டுத் தூளுக்கு ஐம்பத்தொன்று. ஐந்து முறையும் அதே கதைதான்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். "பதினோரு மீட்டர்மா. அதுக்குள்ள எத்தனை பேர் ரோட்டைத் தாண்டுவாங்க?"

[இவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். சொல்வது சரியாக இருந்ததால் முடியவில்லை.]

4
மாலையில் அண்ணன் மூக்கில் குழாயோடு கேட்டார். "என்னாச்சு?"

"காஞ்ச தண்டவாளத்துல நல்லா பிடிக்குதுண்ணா."

"மழையில?"

அவள் சோதனைத் தாளை மடித்தாள். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அப்ப காஞ்சதை மட்டும் எழுது. மழையைப் பத்தி யாரு கேக்கப்போறா?"

"யாராவது அடிபட்டா கேப்பாங்க."

"நான் அடிபட்டப்ப யாரு கேட்டா?" இருமி முடித்துச் சொன்னார்: "என் இடத்துக்கு வந்தவன் நேத்து பாக்க வந்தான். எனக்குக் கேக்கக் கூடாதுன்னு வெளிய போய் இருமிட்டு வந்தான்."

5
முடிவு ஒன்று: சோதனை அறிக்கையில் உண்மையை எழுதுகிறாள். ஆறு பேரும் மறுநாள் மணல் மூட்டையைப் பிரிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: மழையை மறைக்கிறாள். ஒரு மழைநாளில், குடையோடு ஒரு பெண் –

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

(நல்ல முகமூடி கொடுத்தால் போதாதா என்பீர்கள். அவள் நிர்வாகத்துக்கு நான்கு முறை எழுதிக் கேட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று நான்கு முறை பதில் வந்தது.)

அவள் பதினோரு மீட்டரை எழுதினாள். அதன் கீழே, யாரும் கேட்காத இடத்தில், ஆறு பேரின் பெயர்களையும் ஒவ்வொருவரும் எவ்வளவு நாளாக இருமுகிறார் என்பதையும் எழுதினாள். படிவத்தின் கடைசிக் கட்டம் மட்டும் மிச்சம்: 'மணல் தொடரலாம் / நிறுத்தலாம். பொருந்தாததை அடிக்கவும்.'

நான் எழுந்துகொள்கிறேன். நாற்காலி இதோ, பேனா இதோ. உட்காருங்கள்.