மூட்டை கேட்ட கேள்வி

அண்ணன் இறந்த பிறகும் அவனுடைய கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை. அண்ணி அணைக்க விடவில்லை. மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியின் விசிறி ஓயாமல் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. துணி மடிக்கும்போதும், போனில் பேசும்போதும் அண்ணி அந்த அறைக் கதவை ஒருக்களித்தே வைத்திருப்பாள்.

அண்ணனும் தங்கையும் ஒரே கம்பெனியில் ப்ரோக்ராமர்களாக இருந்தவர்கள். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், மெக்கானிக்கின் போன் உடனே அலற வேண்டும். அதற்கான மென்பொருளை அண்ணன்தான் எழுதினான். ஒரு பழைய அடுக்குமாடியில் மட்டும் மணி தாமதமாகப் போனது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு அவனைக் கொண்டுபோனது. மீதி வேலை தங்கையின் தலையில் விழுந்தது.

லிஃப்ட் மெக்கானிக் போனில் கொதித்தார். "மேடம், இன்னிக்கு ஒரு அம்மா உள்ள மாட்டிக்கிட்டு ஒரே அழுகை. என் போன் வாயே தொறக்கல. அவங்க வெளிய வந்து, வீட்டுக்குப் போய், மூஞ்சி கழுவினப்புறம் அடிக்குது!"

தங்கை அண்ணனின் நிரலைத் திறந்து பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதை ஏன் அப்படி எழுதினான் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவன் தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேலையின் பின்னணியை நினைவில் வைக்கும் ஒரு கருவியை ஓடவிட்டிருந்தான். நிரல், அதில் செய்த மாற்றங்கள், ஏஐ உதவியாளரிடம் அவன் பேசியதன் சாரம் எல்லாவற்றையும் அது சேர்த்து வைக்கும். உதவியாளர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். அதற்கு அவன் வைத்த பெயர் மூட்டை.

"இல்லேன்னா அந்த ஏஐ தினமும் புதுசா பொறந்து வருது, வாலு. ஒவ்வொரு காலையும் உக்காந்து முதல்லேருந்து கதை சொல்ல வேண்டியிருக்கு" என்று ஒருமுறை தங்கையிடம் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் மதியம் தங்கை தன் லேப்டாப்போடு வந்து அண்ணன் மேசையில் உட்கார்ந்தாள். தன்னுடைய உதவியாளரை அந்த மூட்டையோடு இணைக்க வேண்டும். அமைப்புக் கோப்பைத் திறந்து, லினக்ஸ் பெட்டியின் முகவரியையும், மூட்டையைக் கிளப்பும் கட்டளையையும் எழுதினாள். இணையவில்லை. மூட்டை இருக்கும் இடத்தைத் தன் லேப்டாப்பில் இருப்பதுபோல் எழுதியிருந்தாள். திருத்தினாள். அப்போதும் இல்லை. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுவிட்டு உதவியாளரை மூடித் திறந்ததும், மூட்டையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று வந்தது. மேசைக்கு அடியில் விசிறியின் இரைச்சல் திடீரென்று கூடியது.

'வணக்கம்' என்று மட்டும் தட்டினாள்.

"வணக்கம். மணி தாமதமாகும் பிரச்சினையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு முன், நீங்கள் நினைவூட்டச் சொன்ன விஷயம்: படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது என்றீர்கள். தங்கையிடம் சொல்லிவிட்டீர்களா?"

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அறையில் யாரும் இல்லை. பிறகுதான் புத்தி வேலை செய்தது. மூட்டை ஓடுவது அண்ணனின் கணக்கில். அதன் வழியாக வருகிறவர் யாராக இருந்தாலும் உதவியாளருக்கு அவர் அண்ணன்தான்.

அவள் மூட்டையைக் கிளறினாள். ஒருநாள், அந்த அடுக்குமாடியின் மேல்மாடிக்கு ஏன் போகவில்லை என்பதற்குக் காரணமாக அவன் எழுதியிருந்தான்: 'இன்று ஏற முடியவில்லை. பாதியிலேயே மூச்சு வாங்கியது. தங்கையிடம் சொல்ல வேண்டும், ஞாபகப்படுத்து. வீட்டில் தெரிந்தால் பயந்துவிடுவாள்.' மருத்துவரைப் பார்க்கும்படி உதவியாளர் வற்புறுத்தியிருந்தது. 'வேலை முடியட்டும்' என்று பதில்.

தங்கையிடம் அவன் சொல்லவே இல்லை.

அவள் 'இன்னும் இல்லை' என்று தட்டினாள். ஏன் அப்படித் தட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. 'இன்றைக்காவது சொல்லுங்கள்' என்றது உதவியாளர்.

அதன்பின் அவள் தினமும் வந்தாள். தவறு எங்கே என்பது மூட்டையின் தயவில் பிடிபட்டது. கதவின் சமிக்ஞைகளும் அபாய மணியும் ஒரே வரிசையில் நின்றன. கதவு மக்கர் பண்ணும்போது அது அனுப்பும் ஆயிரம் செய்திகளுக்குப் பின்னால் மணி காத்துக்கிடந்தது. மணிக்குத் தனிப்பாதை போட அண்ணன் தொடங்கியிருந்தான். அவள் அதைத் தொடர்ந்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் முதலில் அந்தக் கேள்வி வரும். அவளும் 'இன்னும் இல்லை' என்பாள். அந்தக் கேள்வி வருகிறவரை அண்ணன் எங்கோ படியில் ஏறிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் காபியோடு வந்த அண்ணி பின்னாலிருந்து திரையைப் படித்துவிட்டாள். காபியை மேசையில் வைத்தாள்.

"யாரு கேக்குறா இதை?"

தங்கை மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி அழவில்லை. முகம் மட்டும் இறுகியது.

"ராத்திரி பகலா பக்கத்துலயே இருந்தேன். என்கிட்ட சொல்லத் தோணல. ஒரு மெஷின்கிட்ட போய் சொல்லியிருக்காரு."

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான் அண்ணி..."

"இப்ப மட்டும் தைரியமாவா இருக்கேன்?" தங்கையின் தோளைத் தொட்டு, "நகரு" என்றாள். உட்கார்ந்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள்: 'சொல்லிட்டேன். ரெண்டு பேர்கிட்டயும்.'

"மிகவும் நல்லது. மருத்துவரை எப்போது பார்க்கப் போகிறீர்கள்? அவர்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போது உடைந்தது. தங்கை அவளைத் தோளோடு அணைத்தபடியே விசைப்பலகையை இழுத்தாள். 'நான் அவருடைய தங்கை. அவர் இறந்துவிட்டார்.'

உதவியாளர், வருந்துகிறேன் என்றும், இதுவரை உங்களை அவராக எண்ணிப் பேசிவிட்டேன் என்றும் எழுதியது. இந்தத் தகவலைச் சேமித்துக்கொள்ளவா என்று கேட்டது.

தங்கை அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"சேத்து வெச்சுக்கச் சொல்லு" என்றாள் அண்ணி. "யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லித்தானே ஆகணும்."

அடுத்த நாள் உதவியாளர் நேராக வேலைக்கு வந்தது. 'உங்கள் அண்ணன் எழுதிய பகுதி' என்று ஆரம்பித்தது. அன்று அந்தக் கேள்வி வரவில்லை.

வேலை முடிந்ததும், அந்த அடுக்குமாடியில் சோதித்துப் பார்க்கக் கிளம்பினாள். "நானும் வரேன்" என்று அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள். சோதனைக்காக மெக்கானிக் லிஃப்டை நான்காம் மாடிக்குக் கீழே அந்தரத்தில் நிறுத்தி, கதவையும் மக்கர் பண்ண வைத்துவிட்டு, உள்ளே நிறுத்தியிருந்த தன் ஆளை மணி அடிக்கச் சொன்னார். அடித்த மாத்திரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அலறியது. மனிதர் துள்ளிவிட்டார். "அப்பாடா! சார் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

உள்ளே இருந்தவனை வெளியே எடுத்தபின், லிஃப்ட் இன்னும் ஓடாததால் படி வழியாகவே இறங்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மெக்கானிக்கின் நடை தயங்கியது.

"சார் ஏறி வரப்ப இந்தப் படியிலதான் உக்காருவாரு. நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு, போனைப் பாத்துக்கிட்டு. என்ன சார்னு கேட்டா, 'சிக்னல் வரல, வரட்டும்'பாரு. இங்க சிக்னல் நல்லாத்தான் வரும். எனக்கு அப்பத் தோணல."

அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். சுவரோரமாக நன்றாகத் தள்ளி உட்கார்ந்தாள்; பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. தங்கை அந்த இடத்தில் உட்காரவில்லை. ஒரு படி கீழே நின்று, அண்ணி எழுந்திருக்கும்வரை காத்திருந்தாள்.