ஏழாம் பக்கத்துப் பென்சில்

கொலைகாரன் யாரென்று தெரியாமல் இருப்பதற்கு விலை நானூற்று ஐம்பது ரூபாய். புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். காகிதத்துக்கும் மைக்கும் அவ்வளவு ஆகாது. மீதியெல்லாம் அந்தத் தெரியாமைக்குத்தான் கொடுக்கிறோம். ஒரு தடவை தெரிந்துவிட்டால் தோப்பையே எழுதிக்கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத சரக்கு அது. என்னிடமிருந்து அதைப் பதினொரு தடவை பறித்தவர் என் அக்கா தேவயானியின் வீட்டுக்காரர், வேதாச்சலம் மாமா.

மாமா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பதியில் வீடு. நான் சித்தூரில் நைனா விட்டுப்போன மாங்காய் மண்டியைப் பார்த்துக்கொள்கிறேன். தமிழ் நாவல் இங்கே கடையில் கிடைக்காது. மாமா சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்து, படித்து முடித்து, சித்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். பாதி விலை என்னுடையது, முதலில் படிக்கும் உரிமை அவருடையது. இருபது வருஷமாக மண்டியில் ஒருத்தரிடமும் ஏமாறாத நான் இந்த ஏற்பாட்டில்தான் கோட்டை விட்டேன்.

முதல் புத்தகம் வந்தபோது ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், நில அளவைப் புத்தகத்தில் எழுதுகிற அதே சின்னக் கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: "சமையல்காரர். சாவி மாவு டப்பாவில்."

உடனே போன் போட்டேன்.

"மாமா, கொல பண்ணது யாருன்னு நீங்களே எழுதி வச்சிக்கிறீங்களே, இது நியாயமா?"

"தாச்சு, உனுக்கு நல்லதுதான் பண்ணிக்கிறன். எல்லக்கல்லு எங்க இருக்குதுன்னு மொதல்லியே காமிச்சிட்டா நீ நிம்மதியா நடக்கலாம் இல்ல?"

"நான் நிம்மதிக்கா துட்டு குடுத்தன்?"

"அப்ப அடுத்ததுல எழுதல, போ."

அடுத்ததில் எழுதியிருந்தார். அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

எங்கள் மண்டியில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரல்கள் மட்டும் பேசும். துப்பறியும் நாவலும் அப்படித்தான். எழுதினவர் நம் விரலைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேச்சுக் கொடுப்பார். நடுவில் ஒருத்தன் வந்து துண்டைத் தூக்கினால் அவனை மண்டி வாசலில் என்ன செய்வார்கள் என்பது சர்வேயருக்குத் தெரியாது. விண்வெளி நாவல்களையும் அவர் விடவில்லை. அந்த வகை, பூவிலேயே தோப்பைக் குத்தகை பேசுகிற வியாபாரம். காய்க்குமா காய்க்காதா என்பது நூறு வருஷம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் பேசினவர் போய்ச் சேர்ந்திருப்பார். அதனால் ஆசிரியர் மீது நம்பிக்கை வைத்துத்தான் உள்ளே போகவேண்டும். நான் போனேன். ஏழாம் பக்கத்தில், "கப்பலில் உயிரோடு இருப்பவர் ஒருவரே. மற்றவை பதிவு செய்த குரல்கள்."

அதுதான் பதினொன்றாவது. மாங்காய்க் காலத்தில் மூன்று மாதம் மண்டியில் நின்றபடியே துன்னு, நின்றபடியே தூங்கி, கடைசி லாரியை அனுப்பிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு பிரித்த புத்தகம். அன்றைக்கே தீர்மானம் செய்தேன். இந்த மனிதர் உயிரை வைத்திருக்கும் ஒரு புத்தகத்தின் முடிவை, அவர் அட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் அவர் காதில் சொல்லவேண்டும்.

தொந்தரவு என்னவென்றால், அவர் உயிரை எதிலும் வைத்ததாகத் தெரியவில்லை. மாயக்கதைகள் என்றால் வாய் முழுக்க ஏளனம். நானும் அந்தச் சரக்கை எடை போட்டுத்தான் வாங்குவேன். முதல் இருபது பக்கம் ராஜ வம்சாவளியாகவே போனால், அது கூடையில் அடைத்த வைக்கோல். பறக்கும் நாகம் உண்டு என்கிற ஒரு பொய்யை மட்டும் ஒத்துக்கொள்வேன், ஆனால் அது என்ன துன்னும், யார் தீனி போடுவது என்று கணக்காகச் சொல்லவேண்டும். 'செங்காடு' வரிசை அப்படிச் சொன்னது. ஐந்து பாகம். முதல் பாகத்தின் கடைசியில் கூரன் என்கிற பறக்கும் நாகம் காணாமல் போகிறது. அடுத்த மூன்று பாகங்களிலும் அரசி அதைத் தேடுகிறாள்.

"அதுல போட்ட மேப்பே தப்பு," என்பார் மாமா. "நெளியாறுன்னு ஒண்ணு வரஞ்சிக்கிறான் பாரு, மேட்டுல ஏறுது! தண்ணி மேட்டுல ஏறுமா? இந்தாளுக்கு லெவல் எடுக்கத் தெரியல."

போன பொங்கலுக்குத் திருப்பதி போயிருந்தபோது அவருடைய நான்காம் பாகத்தைப் புரட்டினேன். உள்ளேயிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்று விழுந்தது. செங்காட்டின் படம் முழுவதையும் மாமா மறுபடி வரைந்திருந்தார். அளவுகோல், மலைக்கு உயரம், அரசி தங்கின ஊருக்கெல்லாம் தேதி. கூரன் கடைசியாகத் தென்பட்ட இடத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரே வார்த்தை: "எங்கே?" தாள் மடிப்பில் கிழிந்து, இரண்டு தடவை ஒட்டியிருந்தது. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போளி துன்னப் போனேன். அன்றைக்கு இரண்டு போளி கூடுதலாகவே இறங்கியது.

நான்காவது வந்து ஆறு வருஷம் கழித்து, இந்த வருஷம் ஐந்தாம் பாகம் வந்தது. மாமாவுக்குத் தபாலில் வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். "பிரிக்கவே இல்லடீ. மொதல்ல பெருமாளப் பாத்துட்டு வந்து, குளிச்சிட்டுதான் பிரிப்பாராம். ஞாயித்துக்கெயம மல ஏறப்போறோம், நீயும் வரியா?"

வராமலா? சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போன எங்கள் டிரைவர் ரமணாவிடம் சொல்லி எனக்குத் தனியாக ஒரு பிரதி வாங்கி வரச்சொன்னேன். மூன்று நாளில் படித்து முடித்தேன். ஐந்நூற்று எண்பதாம் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இருபது வருஷத்தில் இப்படி ஒரு முடிவைப் பார்த்ததில்லை. அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன்.

இலவச தரிசன வரிசையில் அறைக்குள் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். போன் வெளியே ஒப்படைத்தாயிற்று. எழுந்து போக இடமில்லை. என் மாமா எனக்காகவே பூட்டிவைத்த மாதிரி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த சென்னம்மா என்கிற அம்மாள். அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரு கத சொல்லட்டா? ஒரு பறக்கற நாகம். காணாம பூட்சி."

மாமா நிமிர்ந்தார். "தாச்சு. நீ அஞ்சாவது படிச்சிட்டியா?"

"படிச்சிட்டன் மாமா. எல்லக்கல்லு எங்க இருக்குதுன்னு தெரியும்."

அவர் முகம் வெளுத்துப்போனது. நான் சென்னம்மாவுக்கு நாலு பாகத்தையும் சுருக்கிச் சொல்லி முடிப்பதற்குள் நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாவதை ஆரம்பித்தேன். அரசி மலை உச்சியில் நிற்கிறாள், கீழே பார்க்கிறாள், அப்போது...

"ஏடுகொண்டலவாடா! வெங்கடரமணா!" என்று மாமா கத்தினார்.

அறை முழுக்க "கோவிந்தா! கோவிந்தா!" என்றது. அந்தக் குரலை எழுப்பினால் பதில் சொல்லாமல் இருக்க இங்கே யாராலும் முடியாது. என் வாயும் சேர்ந்துதான் சொன்னது.

மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி கோவிந்தா. பால் கொடுத்தார்கள், குடித்துவிட்டு ஆரம்பித்தேன். கோவிந்தா. இருபது தடவைக்கு மேல் ஆனபோது சென்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் பெரியவரே, சாமிக்கே காது வலிக்கும். அந்த நாகம் இன்னா ஆச்சின்னு கேக்க உடுய்யா!"

"இன்னாக்கா இவுரு, இவ்ளோ பக்தியா?" என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா ஒன்றும் புரியாமல் பெருமையாகத் தலையாட்டினாள்.

மாமாவின் தொண்டை கட்டிவிட்டது. இனிமேல் காற்றுதான் வரும் என்று நான் வாயைத் திறந்தேன். கதவையும் திறந்துவிட்டார்கள். கூட்டம் எழுந்து ஓடியது. மாமா திரும்பி என்னைப் பார்த்து, குரலில்லாமல் சிரித்தார். வீட்டுக்குப் போனதும் அட்டையைப் பிரித்துவிடுவார் என்று அந்தச் சிரிப்பில் எழுதியிருந்தது.

வெளிப்பிராகாரம், வெள்ளி வாசல், தங்க வாசல் எல்லாம் நெரிசலில் போயின. நான் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். எத்தனை தடவை வாயைத் திறந்தாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சன்னிதி வந்தது. உள்ளே விளக்கு. "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளுகிறார்கள். பதினான்கு மணி நேரம் காத்திருந்ததற்கு ஒரே ஒரு நொடி.

அந்த நொடியில் மாமா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

காது இரண்டும் திறந்திருந்தன.

"அந்த ஆறுதான் மாமா கூரன்," என்றேன். "படுத்துக்கினு இருக்குது. அதான் மேட்டுல ஏறுது."

தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து உண்டியல் தாண்டி ஒரு தூணோரம் மாமா உட்கார்ந்தார். அப்புறம் கட்டின தொண்டையில், "ஆறு வருசமா அளந்தன்," என்றார். "தப்பு தப்புன்னு சொல்லிக்கினே இருந்தன். எனுக்குத் தோணல பாரு."

"தோணியிருக்கும் மாமா. ஐந்நூத்தி எம்பதாம் பக்கத்துக்கு முன்னாடி உங்களுக்கே தோணியிருக்கும். அதுக்கு நான் எடம் குடுக்கல. இனிமே நிம்மதியா நடங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்க மனதுக்கு இதமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அக்கா கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தாள். "நாமம் எவ்ளோ நல்லா தெரிஞ்சிது! நீங்க பாத்தீங்களா?"

"கண்ணு நெறய பாத்தன்," என்றார் மாமா. பிறகு என் பக்கம் மெல்லத் திரும்பினார். "தாச்சு, நீ?"

நான் பார்த்தது அவர் காது. காதோரத்தில் எத்தனை நரைமுடி என்று கேட்டால் சொல்வேன்.

மாமா எனக்குக் கெடுத்த முடிவுகள் பதினொன்று. நான் அவருக்குக் கெடுத்தது ஒன்று. தரிசனம், அவருக்கு ஒன்று, எனக்குப் பூஜ்யம். அதைப் பெருமாளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். மாமாவிடமிருந்து எனக்கு இன்னும் பத்து வரவேண்டியிருக்கிறது.