வாகை மரத்தடிப் பெட்டி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். திண்டுக்கல்லில் என்னிடம் கணக்குப் படித்த பாதிப் பேருக்கு இது தெரியும். ரொனால்டு அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனுஷன் என்னிடம் வந்து, "டெய்சி, அந்தப் பெட்டிய மட்டும் எடுத்துரும்மா" என்றார்.

பெட்டி என்றதும் புதையல் என்று நினைத்துவிட வேண்டாம். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தையும் அந்த இடத்தின் கதையையும் செயலியில் போடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் உள்ளே கிடக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். உள்ளிருக்கும் சின்னச் சாமான் ஒன்றை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். ஐம்பது தாண்டிய டீச்சர் புதருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து எங்கள் தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே.

எங்கள் ஸ்டேஷனைச் சுற்றி எவ்வளவோ நடந்திருக்கிறது. ஒரு பலகையில்கூட அதை எழுதி வைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் நான் பெட்டி வைக்க ஆரம்பித்தேன். நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் பிடித்த தூணருகே ஒன்று, மூடிப்போன லெவல் கிராசிங்கில் ஒன்று, பழைய கூட்ஸ் ஷெட் சுவரில் ஒன்று. ரொனால்டு அண்ணன் ரயில் பாரம்பரியச் சங்கத்தின் தலைவர். மூன்றுக்கும் கைதட்டினார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டவும் செய்தார்.

நாலாவதை வாகை மரத்தடியில் வேர் இடுக்கில் இறுக்கி வைத்தேன். அதற்கு அவர் கைதட்டவில்லை.

அந்த மரம் ரயில்வே காலனி முடிகிற இடத்தில் சாலையோரம் நிற்கிறது. எழுபத்து நாலாம் வருஷ ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது குவார்ட்டர்ஸிலிருந்து சில குடும்பங்களை வெளியே தள்ளினார்கள். ஆண்கள் பாதிப் பேர் ஜெயிலில், மீதிப் பேர் தலைமறைவு. பெண்கள் சட்டிபானையோடு வந்து இந்த மரத்தடியில் உட்கார்ந்தார்கள். புருஷனை வேலைக்குத் திரும்ப வைப்பதாக எழுதிக் கொடுத்தால் வீட்டைத் திறந்து விடுகிறோம் என்று அதிகாரிகளின் ஆள் வந்து சொன்னான். ஒருத்தியும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களில் ஒருத்தி என் அம்மா சகாயராணி. அவள் மடியில் கிடந்த கைக்குழந்தை நான். அந்தப் பெண்களில் இன்று யாரும் உயிரோடு இல்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று சொல்ல என் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது.

"ஞாயித்துக்கெழம சங்கத்துக்கு மதுரையிலேருந்து விருந்தாளிக வாராக. நல்லதக் காட்டுவோமே. இது சண்டச் சமாச்சாரம்" என்றார் ரொனால்டு அண்ணன்.

"சண்ட போட்டது கெட்டதாண்ணே?"

"நீ எடுக்கலேன்னா நானே எடுத்துருவேன்."

"கைய வச்சுப் பாருங்க" என்றேன்.

சனிக்கிழமை காலையில் அவர் இரண்டு ஆட்களோடு அங்கே போவதாகக் கேள்விப்பட்டு ஸ்கூட்டியை விரட்டினேன். விடைத்தாள் திருத்துகிற வேலையில் நான் அந்தப் பக்கம் போயே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

என் பெட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மேலே ஒரு கனகாம்பரச் சரம். கிளையில் கண்ணாடி வளையல்களும் ஒரு சின்ன மரத்தொட்டிலும் தொங்கின. எங்கள் மாதா கோயில் ஆள் யாரோ ஓரமாக ஒரு மெழுகுதிரியும் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

மரத்தடியில் பூ விற்கும் பேச்சாயி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நீங்களும் கும்புட வந்தீகளா டீச்சர்? எங்கெங்கயோ இருந்து காரு போட்டு வாராக. மண்டி போடுறாக, ஒரு சாமான வக்கிறாக, பேர எழுதுறாக, சிரிச்ச மொகமாப் போறாக. சக்தி இல்லாமயா வாராக? எம் மகளுக்கு ஒரு புள்ள வேணும்னு வேண்டித் தொட்டி கட்டிருக்கேன்."

ரொனால்டு அண்ணனோடு வந்த ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். அவர் என்னை ஓரமாக இழுத்தார்.

"நல்லதாப் போச்சு டெய்சி. எடுக்க வேணாம். சாமியாவே இருந்துட்டுப் போகட்டும். செயலியில நீ எழுதுன கதைய மட்டும் அழிச்சுரு. பெட்டியும் பத்திரம், நமக்கும் வம்பில்ல."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? சாமி என்று ஆகிவிட்டால் எந்தக் கொம்பனும் அதைத் தொட மாட்டான். பிறகு வயிறு எரிந்தது. வீட்டை விட்டுத் துரத்தியும் வாய் மூடாதவளைப் பூப் போட்டு மூடப் பார்க்கிறார்களே! சாமிக்குப் பசிக்காது. என் அம்மாவுக்குப் பசித்தது.

"அக்கா, இது சாமி இல்ல" என்றேன் பேச்சாயியிடம். "நான் வச்ச பெட்டி. வர்றவங்க வெளையாட்டுக்குத் தேடி வர்றவங்க."

அவள் முகம் சுண்டிப் போனது. "நாங்க கும்புடுறதப் பாத்துச் சிரிச்சுக்கிட்டா இருந்தீக?"

"சத்தியமா இன்னைக்குத்தான் பாக்குறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். வேலைநிறுத்தம், சட்டிபானை, அம்மா, நான். நடுவில் அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன். மற்றப் பூக்காரிகளும் வந்து நின்று கேட்டார்கள்.

ரொனால்டு அண்ணன் தெம்பானார். "சாமி இல்லன்னு ஆயிருச்சுல்ல? ஏலே, எடுங்கடா."

"செத்த நேரம் இருங்கய்யா" என்றாள் பேச்சாயி. என் பக்கம் திரும்பினாள். "ஒருத்தி கூடவா எழுதிக் குடுக்கல?"

"ஒருத்தி கூட இல்லக்கா."

"கைப்புள்ளக்கி என்ன குடுத்தாக?"

"நீச்சத்தண்ணி. பழஞ்சோத்துத் தண்ணிதான்."

அவள் பூக்கூடையை இழுத்துப் பெட்டியை ஒட்டி வைத்து, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அட, சாமி இல்லேன்னு டீச்சரே சொல்லிட்டாங்களேம்மா" என்றார் அவர்.

"அதுனாலதான்யா உக்காருறேன். சாமின்னா அது தன்னத் தானே பாத்துக்கும். இந்தப் பொம்பளைகளுக்கு யாரு இருக்கா? எவன் எடுக்குறான்னு பாக்குறேன்."

மற்ற இரண்டு பூக்காரிகளும் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார்கள். ஆட்கள் கடப்பாரையைத் தொடவில்லை. ரொனால்டு அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நாளைக்கு விருந்தாளிகள இங்க கூட்டிட்டு வாங்கண்ணே. கதைய நான் சொல்றேன்."

சொல்லிவிட்டுப் பேச்சாயிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.