துண்டு வைக்காத பை

பெருங்களத்தூரில் ஆம்புலன்ஸ் நின்று இருபது நிமிஷம் ஆகியிருந்தது. நாலு நாள் விடுமுறை முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கே வழியில்லாத ரோட்டில் செத்தவருக்கு யார் ஒதுங்குவார்கள்?

"சைரன் போடுங்களேன்" என்றாள் தீபலட்சுமி.

"பாடி ஏத்திட்டு சைரன் போடக் கூடாது மேடம்" என்றார் டிரைவர்.

அவள் காலருகே ஸ்ட்ரெச்சரில், வெள்ளைத் துணிக்குள் அப்பா அரிகிருஷ்ணன் இருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் கால் அவள் முழங்காலில் இடித்தது. முதலில் விலகி உட்கார்ந்தாள். காஞ்சிபுரம் தாண்டியபிறகு அதற்கும் தெம்பில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் கிரீஷ் மறுபடி ஆரம்பித்தான்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும் தீபா. மாமா தண்ணியிலயே இறங்கல. பாறை மேல உக்காந்திருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. அவ்ளோதான்."

"அம்மா துருவித் துருவிக் கேப்பாங்க."

"கேட்டா இதையேதான் சொல்லணும். போனவரு வரப்போறதில்ல. அவங்களுக்கு எதுக்கு இன்னொரு வேதனை?"

அவள் தலையாட்டினாள். வேதனை அம்மாவுக்கா தனக்கா என்று கேட்டுக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை.

அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அம்மா சரசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கர்நாடக எல்லையில், ஆற்றின் நடுவே அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் அருவி இருப்பதை கிரீஷ் போனில் யாரோ போட்ட வீடியோவில் பார்த்தான். போகலாம் என்று பேச்சு வந்தபோது, மூட்டுவலியால் தான் வரவில்லை என்ற சரசு, மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பாத்துட்டு வரட்டும். ஆனா தலைய நனைக்கக் கூடாது. ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன்."

சொன்னதோடு விடவில்லை. அப்பாவின் பையை அவளே கட்டினாள். மாத்திரை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில். துண்டு வைக்கவில்லை, மாற்று வேட்டி வைக்கவில்லை. துடைத்துக்கொள்ள வழியில்லாத மனுஷன் எப்படிக் குளிப்பார்?

அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அருவிப் பாறைக்குப் பக்கத்தில் பஜ்ஜி போடுகிற பெண்மணி லுங்கியும் விற்றாள். ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், வாழ்நாளில் யாரிடமும் அனுமதி கேட்காதவர், நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நிமிஷம்பா" என்றாள் தீபலட்சுமி.

அவர் அருவியில் பத்து நிமிஷம் நின்றார். தண்ணீருக்குள்ளிருந்து கையைத் தூக்கி ஏதோ கத்தினார், இரைச்சலில் கேட்கவில்லை. சிரிப்பது மட்டும் தெரிந்தது. அவளும் சிரித்தாள். அதைத்தான் இப்போது அவளால் மன்னிக்க முடியவில்லை.

வெளியே வந்தவர் ஈர லுங்கியோடு பாறையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். அங்கே போனுக்கு அக்கரையின் கர்நாடக டவர்தான் எடுக்கும். கிரீஷ் ஆம்புலன்சுக்குப் போட்ட போனைக் கன்னடம் பேசுகிறவர் எடுத்தார். அரை மணியில் வண்டி வந்தது, அக்கரைக்கு. நடுவில் ஆறு. வண்டியிலிருந்து இறங்கிய இருவர் இவர்களைப் பார்த்துக் கையை விரித்தார்கள். பிறகு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான்.

சிட்லபாக்கம் வந்தபோது மணி ஐந்தரை. வீட்டு வாசலில் ஷாமியானா போட்டாகிவிட்டது. ஐஸ் பெட்டியும் வந்து ஓரமாக நின்றது. அப்பாவின் தம்பி ஜீவானந்தம் நாலு பேரோடு வந்து ஸ்ட்ரெச்சரை இறக்கினார்.

"பொட்டில வைக்கறதுக்கு முன்னாடி குளிப்பாட்டிடலாம். அண்ணி, வேற வேட்டி எடுங்க."

கார் நிறுத்துமிடத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். யாரோ வெள்ளைத் துணியை விலக்கினார்கள்.

நீலக் கட்டம் போட்ட புது லுங்கி. ஓரத்தில் கடை ஸ்டிக்கர்கூட கிழிக்கப்படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆறு மணி நேரம் ஒத்திகை பார்த்த இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை.

சரசு லுங்கியையே பார்த்தாள்.

"இது யாருது?"

"ஆஸ்பத்திரில மாத்தினாங்க அத்தை" என்றான் கிரீஷ்.

சரசு இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது, முடிச்சில் இன்னும் ஈரம் இருந்தது. மகள் தோளில் தொங்கிய பையை வாங்கித் திறந்தாள். பேன்ட்டும் சட்டையும் நாலாக மடித்து, அதன்மேல் வாட்ச். அப்பாவைத் தவிர யாருக்கும் அப்படி மடிக்க வராது.

"எவ்ளோ நேரம் நின்னாரு?" அவள் மருமகனைக் கேட்கவில்லை.

"பத்து நிமிஷம்மா. நான்தான் போகச் சொன்னேன். அவரு கேட்டாரு, என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

ஒரு அறை விழுந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தீபலட்சுமிக்கு. சரசு பையின் ஜிப்பை மூடினாள்.

ஜீவானந்தம் பக்கெட்டை இழுத்துப் பெஞ்சோரம் வைத்துச் சொம்பை எடுத்தார். சரசு குனிந்து பக்கெட்டில் கையை விட்டாள்.

"இன்னா ஜீவா, ஜில்லுன்னு கீது?"

"குழாத் தண்ணி அண்ணி. எப்பவும் இதானே ஊத்துவாங்க."

"வேணாம். ஒரு நாளைக்கு ஒருதபா பச்சத்தண்ணி போதும் அவருக்கு. தீபா, போய் ஹீட்டர போடு."

"அண்ணி, அடுத்து ஐஸ் பொட்டியிலதான வைக்கப்போறோம்."

"வைங்க. இத ஊத்திட்டு வைங்க."

தீபலட்சுமி உள்ளே போனாள். ஹீட்டரைப் போட்டுவிட்டு, பாத்ரூம் வாசலில் சுவரில் சாய்ந்து நின்றாள். வெளியே சொம்பும் கையுமாக எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பக்கெட் பாதி நிறைந்தபோது அம்மாவின் குரல் வந்தது.

"கைய வச்சிப் பாத்து வெளாவி எடுத்துட்டு வா. ரொம்ப சூடும் தாங்கமாட்டாரு."

அவள் பச்சைத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, பக்கெட்டுக்குள் கையை விட்டுக் கலக்கினாள்.