பலாக்கட்டையில் குருவிப்பாறை

என் மனைவி செவந்தி கடைசியாகச் செதுக்கியது எங்கள் ஊர் குருவிப்பாறையை. அரிமளத்துக்கு மேற்கே, எங்கள் வயல்களுக்குப் பின்னால் நிற்கிற மொட்டை மலை. அங்கே கல்குவாரி வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும், கஜா புயலில் விழுந்த எங்கள் பலாமரத்தின் அடிக்கட்டையை அவள் உருட்டி வரச் சொன்னாள்.

"கருத்துக் கேக்குறோம்னு கூட்டம் போடுவாங்கள்ல? மைக்கைப் பிடிச்சா நம்மாளுகளுக்கு நாக்கு ஒட்டிக்கும். மலையையே தூக்கிட்டுப் போயி நடுவுல வச்சிருவோம்."

காலையில் மலைக்குப் போய்ப் பாறையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்துதான் உளியைப் பிடிப்பாள். கட்டையில் இருந்த வெடிப்பு, மழைத்தண்ணீர் இறங்கும் ஓடையாயிற்று. சுனைகள், புறா அடையும் பொந்து, ஆடுகள் ஏறித் தேய்ந்த தடம் எல்லாம் வந்தன.

"என் மூஞ்சிய ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கியா?" என்பேன்.

"அதுல என்ன சுனையா இருக்கு?" என்பாள்.

அவள் தம்பி நாகராசு மரப்பட்டறை வைத்திருந்தான். உளிகளைத் தீட்டிக் கொடுத்ததும், கட்டையைத் திருப்பி வைத்ததும் அவன்தான். நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் குரல் தேய்ந்துபோன பிறகும் அவள் அவனிடம் பேசியது மலையைப் பற்றித்தான்.

"கூட்டத்துக்கு நீதான்டா தூக்கிட்டு வரணும்."

"கொண்டு வாரேன்க்கா. நீ எந்திரிச்சு வந்து பேசு."

அவள் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும், வீட்டில் இருந்தால் கரையான் ஏறிவிடும் என்று சொல்லி அவன் சிற்பத்தை வேனில் ஏற்றிப் போனான்.

கூட்டம் அரிமளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் மலையைத் தேடினேன். அது குவாரிக்காரர்களின் மேஜையில் இருந்தது. பக்கத்தில் புதுச்சட்டையில் நாகராசு.

குவாரி மேனேஜர் ரெங்கராஜ் மைக்கைப் பிடித்தார். "மலையே போயிரும்னு பயப்படுறீங்க. இவ்வளவுதாங்க எடுக்கப் போறோம்."

நாகராசு மலையின் மேல்பாதியை இரண்டு கையாலும் தூக்கினான்.

செவந்தி அதை ஒரே கட்டையில் செய்திருந்தாள். வெளியே பாறை மாதிரியே கருத்துப் போயிருந்த மரம், அறுத்த இடத்தில் பலாச்சுளை நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவன் திரும்ப மூடினான். ஒட்டு தெரியவே இல்லை. பின்னால் யாரோ, "பாதி நிக்குதேப்பா, பரவாயில்ல" என்றார்கள்.

நான் எழுந்து அந்த மேஜைக்குப் போனேன். "என்ன மாப்ள இது?"

"கோவப்படாதீங்க மச்சான். எப்படியும் வரத்தான் போகுது. லாரி ஓட்டத்தை எனக்கே தாரேன்னு சொல்லியிருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "ஒரு சிலாம்பு தெறிக்காம அறுத்திருக்கேன், பாருங்க. அக்காவே கண்டுபிடிக்காது."

"ஒங்க அக்காவா?"

அவன் ஒட்டு இருந்த இடத்தை விரலால் தடவினான்.

மேடையிலிருந்த அதிகாரி என்னைக் கேட்டார். "இதைச் செஞ்சவங்களோட கணவரா நீங்க? மலை இதே அமைப்புலதான் இருக்கா?"

முன்வரிசையில் எங்கள் தெரு அன்புமொழி, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினாள். சொல்லியிருந்தால் அந்தச் சிற்பத்தை வைத்துக் குவாரிக்காரர்கள் ஒன்றும் பேசியிருக்க முடியாது. ஆனால் ஒரு சுனையின் ஆழம் சந்தேகமாக இருந்ததற்காகக் காய்ச்சலோடு மலையேறியவள் செவந்தி. அவளைப் பொய்யாக்க எனக்கு வாய் வரவில்லை.

"இப்படியேதாங்க இருக்கு. அவ தப்பாச் செதுக்க மாட்டா."

"அப்புறம் என்னங்க?" என்று ரெங்கராஜ் சிரித்தார்.

நான் மேல்பாதியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வாசல் வரைக்கும் நாகராசு பின்னாலேயே ஓடி வந்தான்.

"மச்சான், அதைக் குடுத்துட்டுப் போங்க. எல்லாரும் பாக்குறாங்க. அங்க மூளியா நிக்குது."

"அப்படித்தானே நிக்கப் போகுது மாப்ள."

அந்த வருஷமே அனுமதி வந்துவிட்டது. நாகராசு கல் ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறான். வீட்டைத் தாண்டும் வரை ஹாரன் அடிப்பதில்லை.