ஏழு சுற்றுப் புகை

"என் கண் முன்னாடி அதைத் திறங்க" என்றேன்.

ஹிலால் மாமாவின் கை பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றுவிட்டது.

எக்காரணம் கொண்டும் இதைக் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வாயால் இல்லை. தொண்டையில் அறுவை செய்து இரண்டு வருஷமாக அவளுக்குக் குரல் கிடையாது. காரை நிறுத்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள், கடையைக் காட்டினாள், தன் கண்ணைத் தொட்டாள், தலையைப் பலமாக ஆட்டினாள். அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காதே என்று அர்த்தம். ஹிலால் மாமா அம்மாவின் சித்தப்பா மகன். அறுவைக்கும் அதற்குப் பிறகும் எங்கள் ஊர் ருஸ்தாக்கிலிருந்து மஸ்கட்டுக்குப் பதினொரு தடவை எங்களைத் தன் காரில் கூட்டிப்போனவர். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் 'என் கண் முன்னால் செய்' என்பது, திருடன் என்று முகத்தில் எழுதி ஒட்டுவதற்குச் சமம்.

எழுதி ஒட்டிவிட்டேன். வேறு வழி இருந்தால் யாராவது சொல்லட்டும்.

நான் திறக்கச் சொன்னது அம்மாவின் டேப்லெட்டை. அம்மா பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். அறுவைக்கு முந்தின வாரம், குரல் போவதற்குள், தினமும் பேருந்தில் கத்துகிற நாற்பது வாக்கியங்களை அவள் குரலிலேயே பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பெல்ட் படத்தைத் தொட்டால் "பெல்ட்டைப் போடு!" சிவப்புக் கையைத் தொட்டால் "நில்லு! அசையாதே!" பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். அம்மா முகத்தில் ஒன்றும் அசையாது, மடியிலிருந்து அவள் குரல் அதட்டும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் திரைக்குக் கண்ணாடி ஒட்ட டேப்லெட் ஹிலால் மாமா கடைக்குப் போய் வந்தது. அதற்குப் பிறகு அதன் ஸ்பீக்கர் நாலு தடவை செத்தது. முதலில் கரகரக்கும், பிறகு தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் கேட்கும், பிறகு மௌனம். நாலு தடவையும் ஹிலால் மாமா கடை. கொண்டுபோன மறுநாளே சரியாகிவிடும். ஐந்து வாரம், ஆறு வாரம் ஓடும். நாலு தடவையும் பள்ளிக்குக் கொடுக்கிற பழுதுத் தாளில் ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தார்: 'உபயோகிப்பவரின் கவனக்குறைவு.'

ஐந்தாவது தடவை செத்தது செவ்வாய்க்கிழமை. பேருந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உருண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தாள். அம்மா சிவப்புக் கையைத் தொட்டாள். சத்தம் வரவில்லை. டேப்லெட்டை எறிந்துவிட்டு ஓடி, இரண்டு கையாலும் பேருந்தின் பக்கத்தை அறைந்தாள். ஓட்டுநர் பிரேக் போட்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் உள்ளங்கை இன்னும் ஊதா நிறத்தில் இருக்கிறது.

தலைமையாசிரியை ஷம்ஸா என்னைக் கூப்பிட்டு, நாலு தாள்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். "ஸுவைனா, நீயே படிச்சுப் பாரு. கவனக்குறைவு, கவனக்குறைவு, கவனக்குறைவு, கவனக்குறைவு. நான் பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்குப் பதில் சொல்லணும்மா. ஞாயித்துக்கிழமை காலையில பேசுற கருவியும் வேணும், ஏன் கெட்டுச்சு, இனிமே ஏன் கெடாதுங்கறதுக்கு ஒரு தாளும் வேணும். இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

இன்று வியாழன். மணி பதினொன்று. நாளையும் மறுநாளும் எங்கள் ஊரில் விடுமுறை.

"திறக்கணுமா?" என்றார் ஹிலால் மாமா, சிரிப்பை விடாமல். "எதுக்கு மகளே? சூடு, பசை, தூசி. நீ காபி குடி. அம்மா ஏன் கார்லயே உட்கார்ந்திருக்கா?"

"அவங்களால உள்ள வர முடியாது மாமா. உங்களுக்குத் தெரியும்."

அம்மா மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாக. புகை ஒரு இழுப்பு உள்ளே போனால் பத்து நிமிஷம் இருமுவாள். இந்தக் கடையிலோ எந்நேரமும் சாம்பிராணி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தூபக்கால், வாசலில் ஒரு தூபக்கால். ஸலாலாவிலிருந்து வரவழைத்த உயர்ந்த ரகம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பெஞ்சில் தன் போனுக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "உன் மாமாவையே நம்பலன்னா யாரை நம்பப் போற, புள்ள?"

"நம்பிக்கை நாலு தடவை கெட்டுப்போச்சு தாத்தா. இப்ப பார்க்கணும்."

"நாக்கு நீளம்" என்றார் அவர்.

"படிச்ச புள்ள" என்றார் ஹிலால் மாமா. புகழ்ச்சி மாதிரி ஆரம்பித்து வேறு மாதிரி முடிந்தது. "எங்க குடும்பத்துலயே முதல் பட்டம். வேலைதான் இன்னும் வரல. அதான் எங்களையெல்லாம் பரீட்சை வைக்கிறா."

பெரியவர் சிரித்தார். காது சூடானது. ஆனால் நான் நகரவில்லை. "மொக்லெஸ் அண்ணே" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்.

கடையில் உண்மையில் பழுது பார்ப்பவர் மொக்லெஸ். சிட்டகாங்காரர், ஒன்பது வருஷமாக இந்த மேஜையில் குனிந்து குனிந்து கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். பிறகு கையை ஒரு வீசு வீசினார். திற, தொலையட்டும்.

மொக்லெஸ் ஓரங்களுக்குச் சூடு காட்டி, மெல்லிய தகட்டை நுழைத்து, திரையைத் தூக்கினார். உருப்பெருக்கி விளக்கை இழுத்து வைத்தார். ஸ்பீக்கரின் வலை கறுப்பாக இருக்கவேண்டும். பழுப்பாக இருந்தது. பாகு மாதிரி ஏதோ ஒன்று எல்லாக் கண்களையும் அடைத்து, மேலே பளபளவென்று உறைந்திருந்தது.

"இது என்ன அண்ணே?"

விரல் நுனியால் தொட்டேன், ஒட்டியது. முகர்ந்தேன்.

சாம்பிராணி.

ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு கட்டி சாம்பிராணி எரியவில்லை. பெருநாளைக்குக்கூட இல்லை. வருகிறவர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, இதென்ன வீடு, வாசனையே இல்லை என்று போகிறார்கள். பேருந்தில் யார் புகை போடுவார்கள்? பிறகு கடையின் மூலையைப் பார்த்தேன். துணிக்குப் புகை காட்டுகிற மூங்கில் கூடு அங்கே நின்றது, எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே முக்கோணக் கூடு. அதன்மேல் துணிக்குப் பதில் இரண்டு போன்கள். கீழே கனல்.

"அண்ணே, எங்க டேப்லெட்டை அதுமேல வைப்பீங்களா?"

"நான் வைக்க மாட்டேன், தங்கச்சி" என்றார் மொக்லெஸ் மெதுவாக. "முதலாளிதான் வைப்பார். எல்லாத்துக்கும் மூணு சுத்து காட்டுவார். உங்களுக்கு ஏழு. அப்புறம் மதியம் கடை சாத்துறப்ப அதுமேலயே விட்டுட்டுப் போவார். சொந்தக்காரங்க இல்லையா."

"ஆமா, ஏழு!" ஹிலால் மாமாவுக்கு முதல் முறையாக உண்மையாகவே முகம் மலர்ந்தது. "கண்ணேறு மகளே! குரல் போனவ மடியில குரல் பேசுதுன்னா எத்தனை பேர் கண்ணு படும்? அடிக்கடி கெடுதேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல. போன தடவை ஒம்பது சுத்து சுத்தினேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கெட்டதால் சுற்றினார். சுற்றியதால் கெட்டது. கெட்டதற்கு அம்மா கவனமில்லாதவள் என்று எழுதினார்.

"மாமா, இந்தப் புகைதான் ஸ்பீக்கரை அடைக்குது. பாருங்க. தொட்டுப் பாருங்க."

"சாம்பிராணியா?" அவர் தொடவில்லை. "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எரியுது. குழந்தைக்குக் காட்டறோம், கல்யாணப் பொண்ணுக்குக் காட்டறோம். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"கல்யாணப் பொண்ணு காதுல வலை இல்ல மாமா."

பெரியவர் இந்தத் தடவை என் பக்கம் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டு, மூங்கில் கூட்டின் மேலிருந்த இரண்டு போன்களையும் பார்த்தார். "அதுல ஒண்ணு என்னுதா?" என்று கேட்டார்.

மொக்லெஸ் பழைய ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றினார். டேப்லெட்டின் ஓரத் துளைகளை ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் தேய்த்தார். புதுசு பொருத்தினார். அரை மணி நேரம். சிவப்புக் கையைத் தொட்டேன்.

"நில்லு! அசையாதே!"

கடையே அதிர்ந்தது. தன் போனைப் பார்க்க எழுந்த பெரியவர் நிஜமாகவே அசையாமல் நின்றார். அம்மாவின் குரல், பழைய குரல், வீட்டின் மூன்று அறைக்கும் கேட்கிற குரல். கண்ணாடிக்கு வெளியே காரில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"பார்த்தியா! எல்லாம் சரியாயிருச்சு" என்று ஹிலால் மாமா என் கையிலிருந்து அதை வாங்கினார். வாங்கிய வேகத்தில் திரும்பி மூங்கில் கூட்டை நோக்கி நடந்தார். யோசித்துச் செய்யவில்லை. கால்கள் தாமாகப் போயின. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இவ்வளவும் பார்த்த பிறகும்.

"மாமா!"

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஒரு பெண் தாய்மாமன் முறைக்காரர் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்குவதை அந்தப் பெரியவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். பார்த்தார்.

"சாம்பிராணி காட்டாம என் கடையிலேர்ந்து ஒரு சாமான் வெளிய போனதில்ல" என்றார் ஹிலால் மாமா. குரலில் சிரிப்பு போய்விட்டது.

"இது போகும். கூடவே ஒரு தாளும் எழுதிக் குடுங்க. 'பழுதுக்குக் காரணம் கடையில காட்டின புகை. உபயோகிச்சவங்க தப்பு இல்ல.' ரெண்டு வரி. கையெழுத்து, முத்திரை."

"அது எதுக்கு? சாமான்தான் பேசுதே."

"அம்மாவோட வேலை அந்தத் தாள்லதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஷம்ஸா டீச்சர் கேப்பாங்க."

"அந்தத் தாளை ஷம்ஸா படிப்பா. அவ புருஷன் படிப்பான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குள்ள ஊரே படிச்சிரும். அப்புறம் ஹிலால் கடைக்கு யார் வருவா?"

"அம்மா கவனமில்லாதவன்னு நாலு தாள் எழுதினீங்களே, அதையும் இதே ஷம்ஸா டீச்சர்தான் படிச்சாங்க. அப்ப ஊரு படிக்கலையா?"

"அது சும்மா ஒரு டிக்கு மகளே. தாள்ல மூணு கட்டம்தான் இருக்கு. ஈரம், கீழ விழுந்தது, கவனக்குறைவு. எதையாவது அடிக்கணுமில்ல?"

எதையாவது. ஆறு வருஷம் ஒரு பிள்ளைக்குக்கூட விரல் நசுங்காமல் ஏற்றி இறக்கியவள்மேல், எதையாவது.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்தார். கிட்டே வந்து, பெரியவருக்குக் கேட்காதபடி பேசினார். "இங்க பாரு. வேலை போனா போகட்டும். உங்கம்மா ரய்யாவுக்கு ஒரு குறையும் வராது, நான் இருக்கேன். மாசா மாசம் வீட்டுக்கு அரிசி, மீன், எல்லாம் அனுப்பி வைக்கறேன். இந்த உடம்போட அவ எதுக்குப் பஸ்ஸுல அல்லாடணும்? உட்கார்ந்து சாப்பிடட்டும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தாளில் இரண்டு வரி எழுத மனசு வராதவருக்கு, சாகிறவரைக்கும் அரிசி அனுப்ப மனசு வந்தது.

"அவங்களுக்கு அரிசி வேணாம் மாமா. பஸ்ஸுல வர்ற முப்பத்தியோரு பிள்ளைங்க வேணும். அதட்டணும் அவங்களுக்கு. எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

"உன்னை மஸ்கட் ஆஸ்பத்திரி வாசல்ல எத்தனை நாள் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கிட்டேன்."

"பதினொரு நாள். நான் மறக்கல. அதுக்காக அம்மா வாயில்லாதவ ஆயிட முடியாது."

அவர் திரும்பி, கல்லாப் பக்கத்துத் தூபக்காலை எடுத்து, புதிதாக ஒரு கட்டி போட்டார். இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார். விருந்தாளிக்குக் கடைசியில் புகை காட்டினால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மரியாதை முடிந்தது, கிளம்பு. வாங்கி, அபாயா அங்கிக்குள் ஒரு முறை காட்டிவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் வாங்கவில்லை. புகை எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அவர் கை நீட்டியபடியே இருந்தது.

"மொக்லெஸ் அண்ணே, கழட்டினீங்களே பழைய ஸ்பீக்கர், ரெண்டையும் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க."

"அதை எதுக்கு?" என்றார் ஹிலால் மாமா.

"எங்க சாமான்தானே மாமா."

மொக்லெஸ் யாரையும் பார்க்காமல் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை மடித்து, மேஜை விளிம்பில் வைத்தார். உறைக்குள்ளிருந்தும் வாசனை வந்தது. பையில் டேப்லெட், நாலு தாளின் நகல், உறை. நுகர்வோர் புகார் அலுவலகம் இரண்டரை வரை திறந்திருக்கும். புகாரை நானே எழுதுவேன். அதற்குத்தானே படித்தது. கடையின் பெயரும் அவர் முழுப் பெயரும் முதல் வரியிலேயே வரும். அவர்கள் எண் போட்டு முத்திரை குத்திக் கொடுக்கிற நகல் ஞாயிற்றுக்கிழமை ஷம்ஸா டீச்சர் மேஜையில், அந்த நாலு தாளுக்கு மேலே இருக்கும். அம்மா அழுவாள். சொந்தபந்தம் ஒரு வருஷம் பேசாது. பேசாமல் இருக்கட்டும்.

"ஸுவைனா" என்றார் ஹிலால் மாமா. "வெளிய போய் என்ன செய்யப் போற?"

சொல்லிவிட்டுச் செய்யும் பழக்கம் எனக்கு இன்றோடு போயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி, வெயிலில் இறங்கினேன்.